நகையைத் திருப்பிப் பார்: செஞ்சிப் பக்கத்துப் பழைய நகைகள்

தென்னார்க்காடு ஜில்லாவில் 1920 வாக்கில் செய்த ஒரு கல் அட்டிகையையும் அதற்கு நூறு வருஷம் முந்தைய அட்டிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முகப்பை மட்டும் பார்த்து எது மூத்தது என்று சொல்வது கடினம். இரண்டிலும் அதே மாங்காய், அதே அன்னம், அதே தாமரை, நடுவில் அதே சிவப்புக் கல் பதக்கம். ஐரோப்பிய நகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கொடியும் பூவுமாக வளைந்து நெளிந்தால் 1900-ஐ ஒட்டிய ஆர்ட் நூவோ. பிளாட்டினத்தில் வைரம் பதித்து லேஸ் பின்னியதுபோல் இருந்தால் எட்வர்டு காலம். கோணமும் நேர்கோடுமாக இருந்தால் 1925 பாரிஸ் கண்காட்சியோடு பேர் பெற்ற ஆர்ட் டெகோ. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை வட்டாரத்துப் பத்தர்களின் பட்டறைப் பக்கம் இந்த அலைகள் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

காற்று எதிர்த் திசையில் வீசியது என்பதுதான் வேடிக்கை. 1911 டில்லி தர்பாருக்கு வந்த ஜாக் கார்ட்டியே இந்திய ராஜாக்களிடம் வியாபாரம் பிடித்ததோடு, இங்கே செதுக்கிய மரகதமும் மாணிக்கமும் பாரிஸுக்குப் போக வழி செய்தார். இலை வடிவில் செதுக்கிய இந்தியக் கற்களை வைத்துக் கார்ட்டியே நிறுவனம் செய்த நகைகள் ஆர்ட் டெகோவின் உச்சம் என்று இன்றும் ஏலத்தில் கோடிகளுக்குப் போகின்றன. சென்னையிலும் மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை, சாமி உருவங்களைப் புடைப்பாக அடித்த ‘சுவாமி நகை’களை வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு விற்றுப் பேர் வாங்கியது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்துபோன பிறகு லண்டனிலும் அதற்குக் கிராக்கி. உள்ளூர்ப் பெண்கள் அதைச் சீந்தவில்லை. சாமியைக் கையில் வளையலாக மாட்டிக்கொள்ளும் பழக்கம் இங்கே கிடையாது. அது துரைசானிகளுக்காகவே பிறந்த பாணி.

வடிவம் நின்ற இடத்தில் நின்றாலும், இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது வருஷத்தில் நகைக்குள் போன சரக்கு அடியோடு மாறிவிட்டது. தங்கம் வேறு வழியில் வந்தது. சிவப்புக் கல்லுக்குப் போட்டியாகப் பரிசோதனைச் சாலைக் கல் வந்தது. வைரம் கண்டம் மாறியது. முத்தைக் கடலில் பயிர் செய்தார்கள். ஆகவே இந்தப் பக்கத்து நகையின் வயதை வடிவத்தில் தேடிப் பயனில்லை; எதனால் செய்தது, பின்பக்கம் எப்படி முடித்தது என்பதில்தான் அது இருக்கிறது.

முதலில் தங்கம். மைசூர்ச் சீமையின் கோலார் சுரங்கத்தில் 1880-களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் எடுத்தது. உள்ளே இறங்கித் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். ஆனால் அந்தத் தங்கம் கப்பலேறி லண்டன் போயிற்று. தமிழ்நாட்டு ஆசாரியின் குமுட்டி அடுப்புக்கு நேராக வரவில்லை. அடுப்புக்கு வந்தது பிரிட்டிஷ் சவரன், அதாவது பவுன் காசு. 1899-ல் சவரன் ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் என்று சட்டப்படி செலாவணி ஆக்கினார்கள். காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். நகைக்கடையில் இன்றைக்கும் எட்டு கிராம் ஒரு பவுன் என்று கணக்குப் போடுவதும், 22 காரட்டையே நகைத் தங்கம் என்று நினைப்பதும் அந்தக் காசு விட்டுப்போன பழக்கம். அதற்கு முன் எடைக்குக் குன்றிமணியும் மஞ்சாடியும் வராகனும், தரத்துக்கு உரைகல்லும் ‘பத்தரை மாற்று’க் கணக்கும்தான். பத்தரைத் திண்ணைக்கே வரவழைத்து, வீட்டாள் ஒருவர் கண்கொட்டாமல் எதிரில் உட்கார, காசைக் கண் முன்னாலேயே உருக்கச் சொல்வது வழக்கம். நம்பிக்கைக் குறைவு ஒன்றும் ஒளிவுமறைவாக இருந்ததில்லை.

இவ்வளவு பவுன் செஞ்சி போன்ற மானாவாரிச் சீமைக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்பது பதிலில் பெரும்பகுதி. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் மல்லாட்டை அதிகம் விளைந்த ஜில்லாக்களில் தென்னார்க்காடு முன்வரிசை. பருப்பு புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆயிற்று. விளைச்சல் கைக்கு வந்த வருஷம் பவுன் வாங்குவதும் பொய்த்த வருஷம் அடகுக்கடை ஏறுவதும் குடியானவர் வீட்டு வழக்கம். வங்கிக் கணக்கு என்ற பேச்சே இல்லாத ஊர்களில் மனைவியின் கழுத்துதான் பெட்டகம்.

காசுமாலையில் இது பச்சையாகவே தெரியும். காசை உருக்காமல், விளிம்பில் ஒரு வளையம் மட்டும் பற்றவைத்துக் கோத்தால் நகையும் ஆயிற்று, அவசரத்துக்கு ஒரு காசைக் கழற்றி விற்கவும் ஆயிற்று. வயது கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான நகை இல்லை. ஒருபக்கம் குதிரைமேல் ஒரு வீரன் பறவைநாகத்தைக் குத்துவான். அவன் காலடியில் ஆண்டு இருக்கும். மறுபக்கம் முக்காடிட்ட விக்டோரியா என்றால் 1893 முதல் 1901 வரை, வழுக்கைத் தலை எட்வர்டு என்றால் 1902 முதல் 1910 வரை, தாடிவைத்த ஜார்ஜ் என்றால் 1911 முதல். 1918-ல் மட்டும் பம்பாயிலேயே சவரன் அடித்தார்கள். அதில் ஆண்டுக்கு மேலே ரோமன் ‘ஐ’ எழுத்து மிகச் சிறிதாக இருக்கும். மாலையில் உள்ள காசுகளிலேயே பிந்திய ஆண்டு எதுவோ, மாலை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. லட்சுமி அச்சு, ராமர் பட்டாபிஷேக அச்சு போட்ட மெல்லிய காசுகள் வேறு வகை. அவை பத்தரே தகட்டில் அடித்தவை. ஆண்டும் இருக்காது, எடையும் இருக்காது.

அடுத்தது கல் அட்டிகை. அதைத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் வெளிச்சம் போக வழியே இல்லை. தகட்டால் சின்னச் சின்ன அறைகள் கட்டி, உள்ளே அரக்கை நிரப்பி, அதன்மேல் பளபளக்கும் மெல்லிய ரேக்கை வைத்து, ரேக்கின்மேல் கல்லை உட்காரவைத்து, சுற்றிலும் சுத்தத் தங்கத்தை ஒட்டி அழுத்தி நெருக்கிவிடுவார்கள். கல் பட்டை தீட்டாமல் உருண்டையாக மழுங்கியிருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் வராத குறையை ரேக்குதான் ஈடுகட்டும்; குத்துவிளக்கு வெளிச்சத்தில் உள்ளே தணல் இருப்பதுபோல் ஜொலிப்பது அதனால்தான். டியூப் லைட்டில் இந்த நகை செத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக் கல் மங்கிவிட்டது என்று நினைத்து மாற்றியவர்கள் ஏராளம். பெரிய அட்டிகை கையில் எடுத்தால் நினைத்ததைவிட லேசாக இருப்பதற்கும் காரணம் அரக்குதான். வெந்நீரில் ஊறவைத்தால் அரக்கு இளகிக் கல் உதிர்ந்துவிடும். ரேக்கில் ஈரம் ஏறினால் கறுத்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதற்கு மேல் இதற்கு வைத்தியம் எதுவும் நல்லதில்லை.

அந்தச் சிவப்புக் கல்லின் கதை பர்மாவில் தொடங்குகிறது. 1886-ல் மேல் பர்மாவைப் பிரிட்டிஷார் இணைத்துக்கொண்டார்கள். 1889-ல் மோகோக் சுரங்கங்கள் பர்மா ரூபி மைன்ஸ் என்ற லண்டன் கம்பெனி கைக்குப் போயின. ரங்கூன் வரை கடை விரித்திருந்த நகரத்தார் வழியாகவும் சென்னை வியாபாரிகள் வழியாகவும் சிவப்புக் கல் தமிழ்நாட்டுக்குத் தாராளமாக வந்தது. கெம்பு என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாமே மாணிக்கம் இல்லை. மோகோக்கில் மாணிக்கத்தோடு ஸ்பைனலும் சேர்ந்தே கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

1902-ல் பிரெஞ்சு வேதியியலார் ஒகுஸ்த் வெர்னாய் அலுமினாப் பொடியைத் தீச்சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்து மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். ஒரு கல்லுக்குச் சில மணி நேரம் போதும். பத்தே வருஷத்தில் அது உலகச் சந்தையை நிரப்பியது. பர்மா கம்பெனி தள்ளாடி 1925-ல் கலைப்புக்குப் போயிற்று; செயற்கைக் கல்லும் அதற்கு ஒரு காரணம். இங்கே திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகப் பரவி, ‘திருச்சிக் கல்’ என்றால் கடைக்குக் கடை தெரிந்த சரக்காயிற்று. வெர்னாய் கல் கண்ணாடி இல்லை. வேதிப்பொருள் அளவில் அசல் மாணிக்கமேதான், கடினமும் அதேதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் பழைய கிராமபோன் தட்டின் வரிகள்போல வளைந்த கோடுகள் தெரியும். ஊசிமுனைக் குமிழிகளும் இருக்கலாம். பூமியில் விளைந்த கல்லில் வரிகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். பட்டு இழைபோன்ற ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். வளைந்த கோடு தெரிந்தால் அந்தக் கல் 1902-க்கு முந்தியது என்று சாதிப்பது கடினம். ‘கொள்ளுப்பாட்டி போட்டது’ என்ற பெருமை அதனால் குறைந்துவிடாது. கொள்ளுப்பாட்டி காலத்திலேயே அது நவநாகரிகக் கல்லாகத்தான் வந்திருக்கும்.

மூடிய பின்பக்கத்துக்கு நேர் எதிர், வைரத் தோடு. ஏழு கல் தோட்டைத் திருப்பினால் ஒவ்வொரு கல்லின் அடிமுனையும் தெரியும். நடுவில் சுரை, அதில் திருகு. கல்லுக்குப் பின்னால் வெளிச்சம் புகுந்து திரும்பட்டும் என்று திறந்துவிட்ட கட்டடம் அது. கோல்கொண்டாப் பக்கத்து ஆற்றுப்படுகை வைரம் வற்றிப்போய், 1867-க்குப் பிறகு தென்னாப்பிரிக்க வைரம் உலகை நிறைத்த காலத்தின் நகை அது. ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தில் கிடைத்த நீலம் பாய்ந்த வெள்ளை வைரத்துக்குத் தமிழ்நாட்டில் தனி மோகம். ‘புளூ ஜாகர்’ என்று பாட்டிமார் வாயில் அந்தச் சுரங்கத்தின் பெயர் இன்றும் புழங்குகிறது. சொல்லப்படும் புளூ ஜாகர்கள் எல்லாம் அந்த ஒரே சுரங்கத்தில் கிடைத்திருந்தால் அங்கே மலையே காணாமல் போயிருக்க வேண்டும். வைரத்தின் வயதைப் பெயரைவிட வெட்டு நன்றாகச் சொல்லும். பழைய கல் மேலே உயர்ந்து, விளிம்பு சதுரம் கலந்த வட்டமாக இருக்கும். நேர் மேலாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அடிமுனையை மழுங்க வெட்டியதால் வருவது. கச்சிதமான வட்டமும் கூரான அடியும் இருந்தால் பிந்தைய கல்.

திருகும் சாட்சி சொல்லும். கையால் அறுத்த மரையில் சுற்றுகள் சமமாக இருக்காது. வலக்காதுத் திருகு இடக்காதுத் தோட்டில் ஏறாது. இயந்திர மரை எதிலும் ஏறும். திருகு தொலைந்து மாற்றியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முத்திலும் இதே திருப்பம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக் கரையிலும் இலங்கைக் கரையிலும் அரசாங்கமே முத்துக் குளிப்பு நடத்தியது. 1905-ல் இலங்கை மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பு பெரும் அறுவடை. மறு வருஷமே படுகைகளை ஒரு லண்டன் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அதோடு சிப்பியும் காணாமல் போய்க் கம்பெனியும் படுத்தது. அதே சமயத்தில் ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்தார்: 1893-ல் அரை உருண்டை, 1920-களில் முழு உருண்டையாக உலகச் சந்தையில். அட்டிகையின் அடியில் தொங்கும் பழைய முத்துகள் கோணல்மாணலாகவும் அளவு மாறியும் மஞ்சள் பூத்தும் இருந்தால் அது குறையே இல்லை. எல்லாம் ஒரே அளவில் உருண்டு திரண்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பவழம் எப்போதுமே வெளிநாட்டுச் சரக்கு. மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. சென்னையின் பவழக்காரத் தெரு அந்த வியாபாரத்தில் பேர் பெற்றது.

ஏழை வீட்டு நகை வெள்ளி. தங்கத்தை இடுப்புக்குக் கீழே போடக்கூடாது என்பதால் வசதி உள்ளவர் காலிலும் வெள்ளிதான். தண்டை, காப்பு, கொலுசு, மெட்டி, குழந்தைக்கு அரைமூடி. ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஒரு தோலா, 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஆகவே ‘இருபது ரூபாய் எடைக் காப்பு’ என்றே கணக்குச் சொன்னார்கள். 1893-ல் அரசாங்கம் வெள்ளியை வாங்கி நாணயம் அடித்துக் கொடுப்பதை நிறுத்தியதும் கணக்கு மாறியது. நாணயத்தின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியைவிட உயர்ந்தது. ரூபாயை உருக்கினால் நஷ்டம். உருக்காமல் ரூபாய்களை அப்படியே கோத்து மாலையாக்கினால் தேவைப்படும்போது செலவழிக்கலாம். முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறிக் கணக்கு மறுபடி புரண்டது. 1917-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்ததே அந்தத் தட்டுப்பாட்டால்தான். 1940-ல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். மாலையில் 1911 ஜார்ஜ் ரூபாய் இருந்தால் அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது. ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சாகி, அடுத்த வருஷமே அச்சைத் திருத்தினார்கள்.

இவற்றையெல்லாம் போட்டுக்கொள்ளும் உடம்பும் அந்தக் காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. ஆண்கள் குடுமியை வெட்டிக் கிராப்பு வைத்தபோது காதுக் கடுக்கனும் கூடவே போயிற்று. தெற்கே மதுரை, நெல்லைச் சீமைகளில் காதை வடித்துப் போட்ட பாம்படமும் தண்டட்டியும் படித்த பெண்களின் தலைமுறையோடு நின்றன. பின்னல் குறைந்த தலையில் ஜடைநாகத்துக்கும் ராக்கொடிக்கும் இடமில்லாமல், அவை பரதநாட்டிய மேடைக்கும் அம்மன் சிலைக்கும் ஒதுங்கின. வெள்ளிமேல் தங்க முலாமும் சிவப்புக் கல்லுமாக அவற்றை நாகர்கோவில் வடசேரியில் இன்றும் செய்கிறார்கள். அந்தக் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

செஞ்சிப் பக்கம் பழைய முழு அலங்காரத்தை இன்று பார்க்க வேண்டுமானால் தெருக்கூத்துக்குத்தான் போக வேண்டும். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கொண்டாடும் இந்த வட்டாரத்தில், பாரதக் கூத்தின் துரியோதனனும் அர்ச்சுனனும் போடும் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கட்டை. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. கல் அட்டிகையில் ரேக்கு செய்யும் வேலையை இங்கே கண்ணாடி செய்கிறது: விடிய விடிய எரியும் விளக்கு வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பி அடிக்கிறது. இதற்கு எதிர்முனையும் செஞ்சியிலேயே இருக்கிறது. ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில் பாறையில் இரண்டு வரிசையாகச் செதுக்கிய இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களிடம் குன்றிமணி எடை நகைகூடக் கிடையாது.

இத்தனை செய்தும் அந்தக் கால நகை ஏன் அபூர்வமாகிவிட்டது என்றால், திருட்டும் தொலைவும் சின்னக் காரணங்கள். உருக்கியதுதான் பெரிய காரணம். 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் மல்லாட்டை விலை சரிந்தது. கிஸ்தியும் வட்டியும் சரியவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க அளவையைக் கைவிட்டதும் ரூபாய்க் கணக்கில் தங்கம் விலை ஏறியது. கடனில் இருந்த குடியானவருக்கு நகையை விற்பதுதான் ஒரே வழி. பல நூற்றாண்டாகத் தங்கத்தை உள்ளே இழுத்த நாடு, அந்த வருஷங்களில் தங்கத்தைக் கப்பல் கப்பலாக வெளியே அனுப்பியது. அடுத்த அடி 1963 ஜனவரியில்: தங்கக் கட்டுப்பாட்டு விதிகள். புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்று மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த விதியால் பத்தர்களின் அடுப்புகள் அணைந்தன. 14 காரட் வரம்பைச் சில வருஷத்தில் தளர்த்தினாலும், 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. கைவேலை தெரிந்த ஒரு தலைமுறை அதற்குள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டது. மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது: ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பாட்டி நகையை அழித்துப் பேத்திக்குப் புது மாடல் செய்வது.

பழைய நகையைக் கடைக்குக் கொண்டுபோனால் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் நிறுப்பார்கள். பெரும்பாலான கடையில் கல்லுக்கு ஒரு பைசா மதிப்பில்லை. 916 முத்திரை இல்லை என்று தரத்திலும் குறைப்பார்கள். தங்க நகைக்கு ஹால்மார்க் வந்ததே 2000-ல்தான், 1920-ல் செய்த அட்டிகையில் அது எப்படி இருக்கும்? கேட்டால் பதில் வராது. ஆகவே விற்பதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துவையுங்கள். எடையை எழுதுங்கள். கல்லை ரத்தினப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் காட்டுங்கள். யார், எந்த ஊரில், எந்தக் கல்யாணத்துக்குச் செய்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதன் கல்லில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. வீட்டு நகையை உருக்க உரிமையாளருக்கு எந்தத் தடையும் கிடையாது. வெளிநாடு கொண்டுபோவதற்கு மட்டும் சட்டம் உண்டு: 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகிவிடும், தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. 1925-க்கு முந்திய அட்டிகைகள் ஏற்கெனவே அந்தக் கணக்கில் வந்துவிட்டன.